இலண்டனும் சிட்னியும்: தொலைவு ஒன்று, நேரம் பல

தொலைவை உடலாலும் காலத்தாலும் அளந்தவர்கள் நம் முன்னோர். கூப்பிட்டால் கேட்கும் இடம் ‘கூப்பிடு தொலைவு’ எனப்பட்டது. ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கும் வழி ‘நாழிகைவழி’ எனப்பட்டது. அரபு நிலநூலாரும் ஊர்களுக்கு இடைப்பட்ட வழியை ‘மர்ஹலா’ என்னும் ஒருநாட் பயண அளவால் குறித்தனர். மனிதரும் ஒட்டகமும் ஏறத்தாழ ஒரே நடையில் நடந்த காலம் அது. ஆதலின் வழியைச் சொன்னாலும் பொழுதைச் சொன்னாலும் பொருள் ஒன்றாகவே இருந்தது. இன்றும் நம் சிற்றூர்களில் “அடுத்த ஊர் எவ்வளவு தூரம்?” என்று கேட்டால் “அரை மணி நேரம்” என்றே விடை வருகின்றது.

இவ்விணைப்பை வானூர்தி அறுத்துவிட்டது. ஒரே இரு நகரங்களுக்கு இடையே போகும் பொழுது ஒரு நேரமும் வரும் பொழுது வேறொரு நேரமும் ஆகின்றன. பயணச்சீட்டில் அச்சிடப்பட்டுள்ள நேரங்களைக் கழித்துப் பார்த்தால் இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஓர் எண் கிடைக்கின்றது. மேற்படிப்புக்கு அயல்நாடு செல்லும் மாணவர்களும், மக்களைக் காணச் செல்லும் முதியோரும் பெருகிவிட்ட இக்காலத்தில் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். உலகின் நெடிய வழிகளுள் ஒன்றாகிய இலண்டன் – சிட்னி வழியைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகின்றது இக்கட்டுரை.

உருண்டையின்மேல் நேர்கோடு

இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் சிட்னி விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 17,016 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவில் பாதி ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். அதற்கு மேற்பட்ட தொலைவில் இரண்டு ஊர்கள் பூமியின்மேல் இருத்தல் இயலாது. எனவே இவ்விரு நகரங்களும் ஒன்றற்கொன்று ஏறக்குறைய மறுபுறத்தில் அமைந்தவை எனலாம்.

இத்தொலைவை எவரும் கயிறு பிடித்து அளக்கவில்லை, கணக்கிட்டே அறிகின்றனர். பூமியின் நடுப்புள்ளியிலிருந்து இலண்டனுக்கு ஒரு கோடும் சிட்னிக்கு ஒரு கோடும் வரைந்தால் அவற்றிற்கிடையே ஏறத்தாழ 153 பாகைக் கோணம் அமையும். ஒரு பாகைக்குப் பூமியின் மேற்பரப்பில் 111 கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த தொலைவு உண்டு. இரண்டையும் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். இரு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் அக்கோணத்தைக் கோளத் திரிகோண கணிதத்தின் வழியாகப் பெறலாம். கணிதம் வேண்டாதவர் வகுப்பறையிலுள்ள உலக உருண்டையின்மேல் இரு ஊர்களையும் தொட்டு ஒரு நூலை இறுக்கிப் பிடித்தாலே போதும். நூல் படியும் வழியே குறுகிய வழி. அதனைப் ‘பெருவட்ட’ வழி என்பர்.

அந்நூல் எங்கே செல்கின்றது என்று பார்ப்பவர் வியப்படைவர். சிட்னி தென்கிழக்கில் உள்ளது. நூலோ இலண்டனிலிருந்து வடகிழக்கு நோக்கிப் புறப்படுகின்றது. பால்டிக் பகுதியைக் கடந்து, மாஸ்கோவிற்குச் சற்று வடக்கே 57 பாகை அட்சரேகை வரை ஏறி, பின்னர்க் கசகஸ்தான், சீனம், பிலிப்பைன்ஸ் தீவுகள், சுலவேசி எனக் கீழிறங்கி ஆஸ்திரேலியாவை அடைகின்றது.

சுவரில் மாட்டிய தட்டையான உலகப் படத்தில் இதே இரு நகரங்களையும் அடிகோல் வைத்து இணைத்துப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் மெர்க்கேட்டர் வகுத்த முறையில் அமைந்த படமாயின், அக்கோடு கோயமுத்தூரை ஒட்டித் தமிழகத்தைக் குறுக்காகக் கடந்து இலங்கையின் வடபகுதி வழியே செல்லும்! நம் தலைக்கு மேலேயே செல்வது போலத் தோன்றும் அந்த ‘நேர்வழி’ ஏறத்தாழ 17,700 கிலோமீட்டர்; அதாவது உண்மையான குறுவழியினும் 700 கிலோமீட்டர் அளவு நீண்டது. திசைகாட்டியின் ஒரே திசையில் மாலுமி கப்பலைச் செலுத்துவதற்கு உதவும் பொருட்டு வரையப்பட்ட படம் அது. தொலைவைக் காட்டும் கடமையை நாமே அதன்மீது சுமத்திவிட்டோம்.

கோளத்தின் மீது இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தொலைவையும் திசையையும் காணும் முயற்சியில் முஸ்லிம் அறிஞர்களின் பங்கு பெரிது. கிப்லாவின் திசையை அறியும் தேவை அவர்களை அதன்பால் செலுத்திற்று. அல்பிரூனி கி.பி. 1025இல் எழுதி முடித்த ‘தஹ்தீத்’ என்னும் நூல் நகரங்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக வரையறுப்பதையே பொருளாகக் கொண்டது. பாக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடையே வணிகக் கூட்டங்கள் நடந்த வழிகளின் நீளத்தை ஊர் ஊராகத் திரட்டி, வழியின் வளைவு நெளிவுகளுக்காக ஒரு பங்கைக் கழித்து, எஞ்சியதைக் கொண்டு கஸ்னாவின் தீர்க்கரேகையைக் கணித்தார். அதிலிருந்து அந்நகரத்துக் கிப்லாவையும் கணித்தார். நடந்த வழி வேறு, உண்மைத் தொலைவு வேறு என்னும் தெளிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவருக்கு இருந்தமை நோக்கத்தக்கது.

வாசிங்டன் நகரில் 1957இல் திறக்கப்பட்ட இஸ்லாமிய மையப் பள்ளிவாசலின் கிப்லா வடகிழக்கு நோக்கியது. தட்டைப் படத்தைப் பார்த்துப் பழகியவருக்கு மக்கா அங்கிருந்து தென்கிழக்கில் அல்லவா இருக்கின்றது என்று தோன்றும். இலண்டனிலிருந்து சிட்னிக்கு வடகிழக்காகப் புறப்படுவதும் இதுவும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள்.

இருபத்தெட்டு நாளிலிருந்து ஒரு நாளுக்கு

இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவிற்கு முதன்முதலில் பறந்தவர்கள் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தாரும் அவர்களுடன் சென்ற இரண்டு பொறிவினைஞரும் ஆவர். 1919 நவம்பர் 12ஆம் நாள் விக்கர்ஸ் விமி என்னும் வானூர்தியில் புறப்பட்டு டிசம்பர் 10ஆம் நாள் டார்வினை அடைந்தனர். முப்பது நாளுக்குள் வந்து சேர்வோருக்கு ஆஸ்திரேலிய அரசு அறிவித்திருந்த 10,000 பவுன் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அப்பயணத்தில் அவர்கள் வானில் இருந்த நேரம் ஏறத்தாழ 135 மணி மட்டுமே. ஏறக்குறைய 670 மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பறத்தல். எஞ்சிய நான்கு பங்கும் தரையில் கழிந்தன. இக்கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படித்தல் நன்று.

1935இல் பிரிஸ்பேனுக்கும் இலண்டனுக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் செல்லும் வானூர்திச் சேவை தொடங்கிற்று. பயணம் பன்னிரண்டரை நாள். அதிலும் இத்தாலியின் பிரிண்டிசிக்கும் பாரிசுக்கும் இடையே இரயிலில் செல்ல வேண்டியிருந்தது! வானூர்திப் பயணச்சீட்டு வாங்கியவர் நடுவழியில் இரயில் ஏறியதை இன்று எண்ணினால் நகைப்பு வரும். எனினும் கப்பலில் பல வாரங்கள் கடலைப் பார்த்துக் கிடந்தவர்களுக்கு அதுவே பெருவிரைவு.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. இவ்வழியும் அறுந்தது. அதனை மீண்டும் இணைத்த முயற்சி, இலங்கை மண்ணோடு தொடர்புடையதாதலின் சற்று விரித்துரைக்கத்தக்கது. 1943 முதல் 1945 வரை, பெர்த் நகரின் ஆற்றிலிருந்து எழுந்து, காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரியில் இறங்கும் ‘கேட்டலினா’ நீர் வானூர்திகள் இந்தியப் பெருங்கடலை இடைநில்லாமல் கடந்தன. தொலைவு ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். ஜப்பானியர் அறிந்துவிடாதபடி வானொலியை அடக்கி, விண்மீன்களைக் கொண்டே வழியறிந்து சென்றனர். எரிபொருளின் சுமை காரணமாக மூன்று பயணிகளுக்கே இடம் இருந்தது. பயணம் 27 முதல் 33 மணி நேரம் வரை நீண்டமையால் ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைப் பயணிகள் கண்டனர். ‘இரட்டை உதயம்’ என்று அச்சேவைக்குப் பெயரும் அமைந்தது. இன்றைய வானூர்தி அதே கடற்பரப்பை ஏழு மணி நேரத்தில் தாண்டிவிடும்.

போருக்குப் பின் 1947 டிசம்பர் முதல் நாள் குவாண்டாஸ் நிறுவனத்தின் ‘கான்ஸ்டலேஷன்’ வானூர்தி 29 பயணிகளுடன் சிட்னியிலிருந்து புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி எனத் தாவித் தாவிச் சென்று நான்காம் நாள் இலண்டனை அடைந்தது. இத்தாவலால் இவ்வழிக்குக் ‘கங்காரு வழி’ என்னும் பெயர் நிலைத்தது. பறந்த நேரம் ஏறத்தாழ 55 மணி. மொத்தப் பயணம் 93 மணி. தரையில் கழியும் பங்கு குறைந்துவருவதைக் காண்க.

1959இல் ஜெட் வானூர்தியாகிய போயிங் 707 இவ்வழிக்கு வந்தது. அதன் விரைவு மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். இன்று பறக்கும் போயிங் 787இன் விரைவும் ஏறத்தாழ அதுவே! அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயணிகள் வானூர்தியின் விரைவு பெரிதும் கூடவில்லை என்பதைப் பலர் அறியார். ‘அறிவியல் வளர வளர விரைவு கூடுகின்றது’ என்று மேடைதோறும் பேசுகின்றோம். இவ்வழியில் 1959க்குப் பின் பயண நேரம் குறைந்தமைக்கு இடைநிற்றல்கள் குறைந்தமையே முதன்மைக் காரணம். வானூர்தி விரைந்து பறக்கவில்லை. நெடுநேரம் இறங்காமல் பறக்கக் கற்றுக்கொண்டது.

இடைநில்லாமல் இலண்டனிலிருந்து சிட்னிக்கே பறக்க இயலாதா? இயலும், இருமுறை பறந்தும் காட்டியுள்ளனர். 1989 ஆகஸ்ட் 17ஆம் நாள் குவாண்டாஸின் போயிங் 747-400 ஒன்று 20 மணி 9 நிமிடத்தில் சிட்னியை அடைந்தது. கட்டணம் செலுத்திய பயணிகள் அதில் இல்லை. அடர்த்தி மிகுந்த தனி எரிபொருள் நிரப்பப்பட்டது. ஓடுபாதை வரை செல்வதற்குச் செலவாகும் எரிபொருளையும் மிச்சப்படுத்த வேண்டி வானூர்தியை இழுத்துச் சென்று நிறுத்தினர். 2019 நவம்பரில் ஏறத்தாழ ஐம்பது பேருடன் ஒரு போயிங் 787, 19 மணி 19 நிமிடத்தில் அவ்வழியைக் கடந்தது. பறந்த தொலைவு ஏறத்தாழ 17,800 கிலோமீட்டர்.

பறத்தல் வேறு, கட்டுப்படியாதல் வேறு. நெடும்பயணத்தின் முற்பாதியில் செலவாகும் எரிபொருளில் ஒரு பெரும்பங்கு, பிற்பாதிக்கு வேண்டிய எரிபொருளைச் சுமப்பதற்கே எரிகின்றது. தொலைவு கூடக் கூடப் பயணிகளைக் குறைத்து எண்ணெயை ஏற்ற வேண்டிய நிலை வரும். 2018 மார்ச்சு முதல் பெர்த்திலிருந்து இலண்டனுக்கு 14,498 கிலோமீட்டர் இடைநில்லாச் சேவை தொடங்கப்பட்டது. 2020 நவம்பர் முதல் சிங்கப்பூருக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திற்கும் இடையே ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர் இடைநில்லாச் சேவை நிகழ்கின்றது. பதினெட்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணம் அது. சிட்னியை இலண்டனோடு நேரே இணைக்கும் பொருட்டு, 20,000 லிட்டர் கொள்ளும் கூடுதல் கலம் பொருத்திய ஏர்பஸ் ஏ350-1000 வானூர்திகள் பன்னிரண்டிற்குக் குவாண்டாஸ் நிறுவனம் 2022 மே திங்களில் ஆணை வழங்கிற்று. அதற்குமுன் இவ்வழியில் செல்வோர் ஓரிடத்திலேனும் இறங்கி ஏறி, ஏறத்தாழ 23 அல்லது 24 மணி நேரம் செலவிட வேண்டியிருந்தது.

காற்றும் எல்லையும்

2019இல் பறந்த தொலைவு குறுவழியினும் 800 கிலோமீட்டர் அளவு கூடுதலாக இருந்ததைக் கண்டோம். காரணங்கள் இரண்டு.

ஒன்று காற்று. பூமியின் மிதவெப்பப் பகுதிகளில், ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்னும் பெருங்காற்று ஆறு போல் ஓடுகின்றது. வானூர்திகள் பறக்கும் உயரமும் அதுவே. கிழக்கே செல்வோரை அது தள்ளிவிடும். மேற்கே செல்வோரை மறிக்கும். பெர்த்திலிருந்து இலண்டன் செல்லும் நேரத்தினும் இலண்டனிலிருந்து பெர்த் வரும் நேரம் குறைவாக இருப்பது இதனால்தான்.

போகும் பொழுது இழந்ததை வரும் பொழுது முழுதும் ஈட்டிவிடலாம் என்று எண்ணுதல் தவறு. 9,000 கிலோமீட்டர் வழியில் 900 கிலோமீட்டர் விரைவுள்ள வானூர்தி ஒன்று செல்வதாகக் கொள்வோம். காற்றில்லையேல் போக 10 மணி, வர 10 மணி, ஆக 20 மணி. 100 கிலோமீட்டர் விரைவுள்ள காற்று வீசினால், உடன்காற்றில் 9 மணி. எதிர்காற்றில் 11 மணி 15 நிமிடம். ஆக 20 மணி 15 நிமிடம். மெதுவாகச் செல்லும் வழியில் நெடுநேரம் இருக்க நேர்வதால் இழப்பே எஞ்சுகின்றது. ஆற்றில் எதிர்நீச்சல் அடித்துத் திரும்பியவருக்கு இது கணக்கின்றியே விளங்கும்.

மற்றொன்று மனிதர் வகுத்த எல்லை. உருண்டையின்மேல் நூல் பிடித்த பொழுது அது உருசியாவின் மேல் சென்றது. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு உருசிய வான்வெளி மூடப்பட்டது. அதன் விளைவாக ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோ செல்லும் பின்லாந்து நாட்டு வானூர்தி, ஒன்பதரை மணி அளவில் முடித்த பயணத்திற்கு ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளலாயிற்று. நகரங்கள் நகரவில்லை, வழி நகர்ந்தது. நாம் எடுத்துக்கொண்ட வழிக்கும் இத்தகைய நிலை நேர்ந்தது. 2024 ஏப்ரலில் மேற்காசியாவில் பதற்றம் மூண்ட பொழுது, ஈரானின் வான்வெளியைத் தவிர்க்க வேண்டிப் பெர்த் – இலண்டன் வானூர்தி சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் செல்லுமாறு சில காலம் மாற்றப்பட்டது. ஆயினும் இலண்டனிலிருந்து பெர்த் வரும் வானூர்தி அவ்வாறு இறங்கவில்லை. உடன்காற்றின் துணையால் சுற்றுவழியிலும் இடைநில்லாமல் வந்து சேர்ந்தது. காற்றும் எல்லையும் ஒருங்கே செயற்படுவதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பயணச்சீட்டின் கணக்கு

இனிக் கடிகாரம். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் குறிக்கப்படுகின்றன. டிசம்பரில் சிட்னியில் திங்கள் மாலை 4 மணிக்குப் புறப்படும் ஒருவர் செவ்வாய் விடியற்காலை 5 மணிக்கு இலண்டனை அடைவதாகச் சீட்டுக் கூறுமாயின், பதின்மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் பயணம் என்று அவர் மகிழக்கூடும். இலண்டன் கடிகாரம் அப்பொழுது சிட்னியினும் 11 மணி பிந்தியது. ஆகவே உண்மைப் பயணம் 24 மணி நேரம். திரும்பும் பொழுது திங்கள் இரவு 9 மணிக்குப் புறப்பட்டுப் புதன் காலை 7 மணிக்குச் சேர்வதாக இருப்பின், தோற்றம் 34 மணி. 11ஐக் கழித்தால் உண்மை 23 மணி. மேற்கே செல்லின் கூட்டுக. கிழக்கே வரின் கழிக்க.

அந்தப் பதினொன்றும் நிலையானதன்று. இரு நாடுகளும் தத்தம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகின்றன. ஒன்றின் கோடை மற்றதன் குளிர்காலம். ஆகவே ஜூன், ஜூலையில் வேறுபாடு 9 மணியாகச் சுருங்கும். மார்ச்சு இறுதியிலும் அக்டோபரிலும் சில நாள் 10 மணியாக நிற்கும்.

இவ்வேறுபாட்டைத் தலைகீழாகப் பயன்படுத்தியவர் முன்னர்க் குறித்த அல்பிரூனி. கி.பி. 997 மே 24ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் குவாரிசம் நாட்டுக் காத் நகரிலும், அபுல் வஃபா பாக்தாதிலும் முன்பே பேசிவைத்துக்கொண்டு நோக்கினர். கிரகணம் எங்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. எனினும் இரு ஊர்களின் நேரங்களும் ஏறத்தாழ ஒரு மணி வேறுபட்டன. அதிலிருந்து அவை ஏறத்தாழ 15 பாகை தீர்க்கரேகை விலகியுள்ளன என்று கண்டனர். அவர்கள் நேர வேறுபாட்டிலிருந்து ஊர்களின் இடைவெளியைப் பெற்றனர். நாமோ பயண நேரத்தைப் பெறுவதற்கு அதனை நீக்க வேண்டியிருக்கின்றது.

இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. வேளை தவறாமல் இன்சுலின் முதலிய மருந்துகளை எடுத்துக்கொள்ளும் முதியவர், சீட்டிலுள்ள கடிகார நேரத்தைப் பார்த்து வேளையைக் கணித்தால் இரு வேளைக்கு இடைப்பட்ட பொழுது பெரிதும் கூடியோ குறைந்தோ போய்விடும். உண்மையில் கழியும் மணிகளை எண்ணி, புறப்படுமுன் மருத்துவரிடம் காட்டி வேளை குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அனுப்பிவைக்கும் மக்கள் இதனைச் செய்து தருவது கடன்.

நோன்பாளியின் நிலையும் எண்ணத்தக்கது. பூமி தன்னைத்தானே சுற்றும் விரைவு நிலநடுக்கோட்டில் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர். வடக்கே செல்லச் செல்ல அது குறையும். 57ஆம் அட்சரேகையில், அதாவது இலண்டன் – சிட்னி நூல் மாஸ்கோவிற்கு வடக்கே தொடும் உச்சியில், ஏறத்தாழ 910 கிலோமீட்டராக ஆகிவிடும். வானூர்தியின் விரைவும் அதுவேயாதலின், அங்கே நேர்மேற்காகப் பறப்பவருக்குச் சூரியன் வானில் நின்றுவிட்டது போலவே தோன்றும். கிழக்கே செல்பவருக்கோ பகல் சுருங்கும். இவையன்றி உயரத்தாலும் ஒரு வேறுபாடு உண்டு. பதினொரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கையில் அடிவானம் மூன்று பாகைக்கு மேல் தாழ்ந்து தெரிகின்றது. ஆதலால் நிலநடுக்கோட்டுப் பகுதியிலேயே தரையில் இருப்பவருக்குச் சூரியன் மறைந்து ஏறத்தாழ 13 நிமிடம் கழிந்த பின்னரே வானூர்தியில் இருப்பவருக்கு மறையும்; வடக்கே இந்நேரம் இன்னும் நீளும். இந்நிலையில் நோன்பு திறப்பதற்குரிய சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டறிதல் வேண்டும். தமிழாசிரியன் சொல்லக்கூடியது கணக்கு மட்டுமே. அக்கணக்கின்படி, கீழேயுள்ள ஊரில் மஃரிபு பாங்கு ஒலித்து, மக்கள் பேரீச்சம்பழம் கடித்து, தொழுகையும் முடித்து எழும் வேளையில், அதே ஊரின் மேலே சன்னலோரம் அமர்ந்திருப்பவரின் முகத்தில் வெயில் பட்டுக்கொண்டிருத்தல் கூடும்.